அம்மாவின் ஜெபத்தில் இருந்த இரண்டு கிலோ

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் எட்டரை மணிக்கு. அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். உண்மையில் அம்மா அடுப்படியை ஒதுக்கிவிட்டு வந்து பாயில் உட்காருகிற நேரம் எதுவோ, அதுதான் எங்களுக்கு எட்டரை. அம்மாயி சுவரோரம் சாய்ந்திருப்பார். தம்பி தூங்கி விழுவான். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை என்பதால் அவர் போனில்தான் வருவார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்போம். கடைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் ஆமென் சொல்வார். சில நாள் ஜெபம் முடியிறதுக்குள்ள ரீலோட் முடிஞ்சிரும். "அவருக்கும் சேர்த்து நீங்களே கேட்டுக்கங்க ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு அம்மா தொடர்வார்.

பதுளையிலிருந்து பசறைப் பாதையில் போய், உள்ளே திரும்பி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தால் எங்கள் லயம். காலையில் இஸ்தோப்பில் நின்றால் நமுனுகுல மலை தெரியும். பனி விழுந்தால் அதுவும் தெரியாது. ஒரு காம்பரா, ஒரு குசினி, பின்னால் நாங்களே தகரம் அடித்து இறக்கிய ஒரு சாய்ப்பு. இப்போது நாங்கள் கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம். 'நாங்கள்' என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். லயத்துல வளர்ந்தவங்களுக்கு 'நான்'னு ஆரம்பிச்சா என்னமோ பொய் சொல்ற மாதிரி இருக்கும். கெம்பஸுக்கு நாங்கள் தனியாகப் போகவில்லை. அம்மாவின் தோடு, அம்மாயியின் ஈபிஎஃப் காசு, பக்கத்துக் காம்பரா அக்கா தனக்கு விழுந்த சீட்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தது, எல்லாம் கூட வந்தது.

நன்றியைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். கிறிஸ்தவ வீடுகளில் இந்த வார்த்தை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். எழுந்தால் ஸ்தோத்திரம், சாப்பிட்டால் ஸ்தோத்திரம், பஸ் கிடைத்தால் ஸ்தோத்திரம். அது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த நன்றி யாருக்கு, எதற்கு, எப்போது என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அப்படிக் கேட்காமல் விட்டால், நமக்கு உரியதைக் குறைத்துக் கொடுப்பவர்களும் அந்த நன்றியில் பங்கு கேட்டு வந்து நிற்பார்கள். இதை நாங்கள் எந்த விரிவுரையிலும் படிக்கவில்லை. வீட்டில், பாயில் உட்கார்ந்து கேட்டது.

முதலில் நாங்கள் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறோம். முதலாம் வருஷம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தலை நிறையப் புதுப் புத்தகம். மதத்தை மார்க்ஸ் அபினோடு ஒப்பிட்டதைப் படித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது, "அம்மா, இதெல்லாம் அபின் மாதிரிம்மா" என்றோம். அம்மா வெத்திலையை மடித்துக்கொண்டே, "அபின்னா என்னா?" என்றார். "வலி தெரியாம இருக்கக் குடுக்கிறது." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எனக்கு ஏன் இன்னும் இடுப்பு வலிக்குது?"

அம்மாயி சிரித்த சிரிப்பு பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும். எங்களுக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, அம்மா கிண்டல் பண்ணவில்லை. அவருக்கு வலி தெரிகிறது. இடுப்பு வலி, தோள் வலி, சம்பளச் சீட்டில் குறைந்திருக்கிற எண், எல்லாம் தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் ஜெபிக்கிறார். மார்க்ஸ்கூட அதே பத்தியில், மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்ற பொருளில் சொல்லியிருப்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. பாதியைப் படித்துவிட்டு லயத்துக்கு வந்து பிரசங்கம் பண்ணியது எங்கள் தப்பு.

இனி 2022.

அந்த வருஷத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் வரிசையில் நின்றோம். ஆனால் டவுனில் காஸ் வரிசை பற்றிப் பேசியபோது, தோட்டத்தில் பேச்சு கோதுமை மாவைப் பற்றித்தான். எங்களுக்கு ரொட்டிதான் காலை, ரொட்டிதான் மத்தியானம், பல நாள் ராத்திரியும் ரொட்டி. மா விலை ஏறியபோது எங்கள் மூன்று வேளையும் சேர்ந்து ஏறியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே ராத்திரியில் 340 ரூபா ஆனது. மழை நாளில் ஈர விறகைப் பற்றவைக்க அம்மா ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்த எண்ணெய்க்கு அன்றிலிருந்து தனிக் காவல். கொழும்பில் அப்பாவின் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள், ஆனால் பாதிச் சம்பளத்துக்கு. நாங்கள் ஏ/எல் எழுதிவிட்டு முடிவு வரும் என்று காத்திருந்தோம். தம்பி தரம் 8.

ஒரு ராத்திரி ஆளுக்கு ஒரு ரொட்டி, மிளகாய்ச் சம்பல். தேங்காய் இல்லை. அம்மா கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக" என்று ஆரம்பித்தார். தம்பி தட்டைத் தள்ளினான்.

"எதுக்கு ஸ்தோத்திரம்? இதுக்கா?"

யாரும் பேசவில்லை. அவன் நிறுத்தவில்லை. "நான் நாளைக்கே அப்பாகூடக் கடைக்குப் போறேன். படிச்சு என்னாத்த கிழிக்கப்போறேன்."

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்களுக்கும் அதே கேள்விதான். அவன் சத்தமாகக் கேட்டான், நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். அம்மா அடிப்பார் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. தட்டைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்திவிட்டு, கண்ணைத் திறந்தபடியே ஜெபத்தைத் தொடர்ந்தார்:

"ஆண்டவரே, இவன் கேக்கிறது நியாயம். நீங்களே பாருங்க. இந்த மா பக்கத்துக் காம்பரா அக்கா குடுத்தது. அவ வீட்டுலயும் இல்ல, இருந்தும் குடுத்தா. அவளுக்காக ஸ்தோத்திரம். இன்னைக்குப் பதினெட்டுக் கிலோ பறிச்சேன். மடுவத்துல ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோவ வெட்டிட்டாங்க. நீங்க மேல இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. அந்த ரெண்டு கிலோவ நான் மறக்க மாட்டேன், நீங்களும் மறக்காதீங்க. பெரியது பாஸாகணும். சின்னவன் படிக்கணும். ஆமென்."

அவ்வளவுதான். வானம் திறக்கவில்லை. தம்பி ரொட்டியைச் சாப்பிட்டான், ஏனென்றால் பசி. மறுநாள் பள்ளிக்கூடம் போனான், ஏனென்றால் அம்மா வெளுத்திருப்பார். ஆனால் அந்த ஜெபம் எங்களை விடவில்லை. அதுவரை அம்மா ஜெபம் பண்ணுவதை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோமே தவிர, கவனிக்கவில்லை. கவனித்தால், அதில் ஒரு கணக்குப் புத்தகமே இருந்தது. வந்தது ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம். கொடுத்தவள் பெயர் சொல்லி நன்றி. எடுத்துக்கொண்டவர்கள் பற்றி முறைப்பாடு. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே ஆண்டவரிடம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஜெபக்கூட்டம் ஒன்றில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் முறுமுறுப்பு பாவம் என்று ஒரு மணி நேரம் பேசினார். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் முறுமுறுத்தார்கள், அதனால்தான் நாற்பது வருஷம் அலைந்தார்கள். நீங்களும் சம்பளம் போதாது, வீடு போதாது என்று முறுமுறுக்காதீர்கள். இருப்பதற்கு நன்றி சொல்லுங்கள், ஆண்டவர் பெருகப்பண்ணுவார் என்றார். அது 1000 ரூபா சம்பளத்துக்காகத் தோட்டமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம். 2015இல் எழுந்த அந்தக் கோரிக்கைக்காக, 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். நாளொன்றுக்கு 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் எத்தனை பிரசங்க மேடைகளிலிருந்து முறுமுறுக்காதே என்ற புத்தி வந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அந்தப் பிரசங்கியார் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார் என்பது எங்கள் எண்ணம். யாத்திராகமத்தை முதலிலிருந்து படியுங்கள். வனாந்தரத்துக்கு முன்னால் செங்கல் சூளை இருக்கிறது. நாள் கணக்குக் குறையாமல் செங்கல் அறுக்க வேண்டும், வைக்கோலை மட்டும் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று பார்வோன் உத்தரவு போடுகிறான். சம்பளம் கூடியதும் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கூடிய தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த ஜனங்கள் அடிமைத்தனத்தில் பெருமூச்சுவிட்டு முறையிட்டார்கள். அது முறுமுறுப்பு, பாவம் என்று தேவன் சொல்லவில்லை. கேட்டார், இறங்கி வந்தார். வேதத்தில் விடுதலை என்கிற கதையே அந்த முறைப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும். யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்ற கருத்து வருகிறது. அம்மா அந்த அதிகாரத்தை மனப்பாடம் பண்ணியவர் இல்லை. ஆனால் வெட்டப்பட்ட இரண்டு கிலோவை ஜெபத்தில் வைத்தபோது அவர் செய்தது அதைத்தான்.

ஆகவே முறுமுறுப்பு வேறு, முறைப்பாடு வேறு. முறுமுறுப்பு முதுகுக்குப் பின்னால். முறைப்பாடு முகத்துக்கு நேரே. நன்றியும் முறைப்பாடும் எதிரிகள் இல்லை. ஒருத்தரை நம்பினால்தானே இரண்டையும் அவரிடம் சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் தம்பி அம்மாவிடம்தான் சண்டை போடுவான், தெருவில் போகிறவரிடம் போட மாட்டான்.

சரி, நன்றி யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். நம்முடைய வரலாற்றில் இந்தக் கேள்வி சும்மா வந்தது இல்லை. 1854இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் தொடங்கிய ஊழியத்தின் பெயரே 'தமிழ் கூலி மிஷன்'. துரைமாரின் பண உதவியும் அதற்கு இருந்தது. சுவிசேஷமும் கூலி என்கிற பெயரும் ஒரே வண்டியில்தான் நம்மிடம் வந்து இறங்கின. அந்த மிஷனால் எழுத்தறிந்தவர்கள் உண்டு, மருந்து கண்டவர்கள் உண்டு. அதற்கு நன்றியில்லாமல் இல்லை. ஆனால் துரை காசு கொடுத்து நடக்கிற ஊழியத்தில் துரையைப் பற்றி எவ்வளவு பேச முடியும்?

பதுளை டவுனில் இருக்கும் புனித மாற்கு ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக எழும்பியது அது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. நடந்தே இந்த மலைக்கு வந்து, காட்டை வெட்டி, வழியில் செத்துப்போன நம் ஆட்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதைப் பெயர் தெரியாதவர்களுக்கான ஒரு நன்றி ஆராதனையாகத்தான் நாங்கள் பார்த்தோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1972இல் பதுளை கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அதை விட்டுவிட்டு, வசதி குறைந்த இந்த ஊவாவுக்கு முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை கிராமத்து ஏழைகளோடும் தோட்டத்து ஏழைகளோடும் நின்றவர் என்று எங்கள் கத்தோலிக்க நண்பர்களின் வீடுகளில் இன்றும் பேசுவார்கள். அதே 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய போல் கெஸ்பர்ஸ் அடிகளார் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தார். இவர்கள் இருவரும் நம்மிடம் "நன்றியோடு இருங்கள்" என்று சொல்ல வரவில்லை. நாம் சாப்பிடுகிற நிலைமை சரியில்லை என்று சொல்ல வந்தார்கள். அதனாலேயே நன்றிக்கு உரியவர்கள் ஆனார்கள்.

எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். அன்பினால் வந்ததற்கு நன்றி சொல்லலாம். உழைப்புக்கு உரியதைக் கொடுத்ததற்கு நன்றி தேவையில்லை, கணக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா கொடுத்த மா அன்பு. பறித்த கொழுந்துக்குச் சம்பளம் உரிமை. ஏழு பேர்ச் காணிக்கும் ஒரு வீட்டுக்கும் பேனர் கட்டி, பூமாலை போட்டு, நன்றி நன்றி என்று நம்மைச் சொல்ல வைக்கிறார்கள். இருநூறு வருஷம் இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தவர்கள் நாம். சொந்தக் கூரையைக் கேட்டு வாங்கிவிட்டுக் காலில் விழ வேண்டியதில்லை.

இந்த இடத்தில் அம்மாவுக்குப் பிடித்த ஒரு வேதக் கதையைச் சொல்ல வேண்டும். திராட்சத் தோட்டத்து எஜமான் காலையில் சிலரை வேலைக்கு எடுக்கிறார், மத்தியானம் சிலரை, சாயந்தரம் ஐந்து மணிக்கும் சிலரை. கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. மற்றவர்களுக்கு இது புரியாத கதையாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. கிலோ எட்டவில்லை என்றால் அரைப் பேர்தான் விழும், முழு நாள் வெயிலில் நின்றாலும் பாதி நாள் சம்பளம்தான். கதையைக் கேட்டதும் அம்மா சொன்னது: "அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் முழுப் பேர் போட்டுட்டாரு பார். அவன் வீட்டுலயும் நாலு வயிறு இருக்கும்னு அந்தத் தொரைக்குத் தெரிஞ்சிருக்கு." எத்தனையோ வியாக்கியானம் படித்தோம். இதைவிடத் தெளிவாக எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவின் விசுவாசத்தில் ஆண்டவர் அரைப் பேர் போடாதவர். அவருக்கு நன்றி சொல்லும்போது, அரைப் பேர் போடுகிறவர்கள் யார் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

இப்போது சபைக்குள் நடக்கிற இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாட்சி நேரம். மகனுக்குக் கட்டார் விசா கிடைத்தது, ஸ்தோத்திரம். வேன் வாங்கினோம், ஸ்தோத்திரம். நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் விசா கிடைக்காத மகனின் அம்மா மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? "விபத்து நடந்த பஸ்ஸில் நாங்க ஏற இருந்தோம், ஆண்டவர் தடுத்தார்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த பஸ்ஸில் ஏறியவர்களை ஆண்டவர் ஏன் தடுக்கவில்லை என்று யாருக்கும் தோன்றாதா?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்கள் பதுளை மாவட்டம்தான். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். நம்ம லயம் தப்பிச்சது ஆண்டவர் கிருபை என்று அந்த வாரம் யாரோ சொன்னபோது, அம்மாயி சட்டென்று திரும்பி, "அப்படிச் சொல்லாத. அங்க இருந்ததும் நம்ம புள்ளைங்கதான்" என்றார். இயேசுவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் என்ன மற்றவர்களைவிடப் பாவிகளா என்று. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதே கேள்வி நமக்கு முன்னால் நின்றது. அடுத்தவன் செத்து நான் பிழைத்தேன் என்பதற்குச் சொல்கிற நன்றி எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பிழைத்தவனுக்கு நன்றியைவிட வேலை அதிகம். சரிவு அபாயம் உள்ள இடத்தில் இன்னும் லயம் இருக்கிறதா என்று கேட்பது அதில் ஒன்று.

அப்படியானால் அன்றாடம் நன்றி சொல்ல என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. அம்மா நாலரைக்கு எழும்புகிறார். விறகு ஊதி, தேத்தண்ணி போட்டு, மாப் பிசைந்து, ரொட்டி தட்டி, எல்லாருக்கும் சுற்றிவைத்து, படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போகிறார். அட்டை கடித்த காலோடு சாயந்தரம் வந்து மறுபடி அடுப்பு. ஒவ்வொரு நாளும் மன்னாவைப் போல அன்றன்றைக்குப் பொறுக்கி எடுத்த சாப்பாடு. சேர்த்துவைக்க ஒன்றும் மிஞ்சாது, ஆனால் அன்றைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார். ஆண்டவர் எங்களைப் போஷித்தார் என்று நாங்கள் சாட்சி சொன்னால், அவர் அம்மாவின் பத்து விரலால் போஷித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெம்பஸ் கிடைத்தது ஆண்டவர் கிருபை, சத்தியம். அந்தக் கிருபை அடகுக்கடை வழியாகத்தான் வந்தது. அம்மாவின் காது இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஆகவே நன்றியை வாயோடு விட்டால் அது பொய். இதை முக்கியமாக நம் வீட்டு ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் கண்ணை மூடுகிறோம், சாப்பிட்ட பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனுக்குப் போகிறோம். அந்தத் தட்டை யார் கழுவுவது? அம்மாவா, கர்த்தரா? அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் போடுகிற கை, அடுத்த நாள் காலை ஒரு குடம் தண்ணி எடுத்து வைத்தால் அதுதான் தோத்திரப் பாட்டு. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் காலைத் தேத்தண்ணி எங்கள் பொறுப்பு என்று ஒரு ஒப்பந்தம் செய்திருக்கிறோம். முதல் நாள் விறகு பற்றாமல் குசினி முழுக்கப் புகை. அம்மா எழும்பி வந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய் ஊத்திராத, வெல தெரியும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பப் படுத்துக்கொண்டார். அவர் காலையில் திரும்பப் படுத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அறுவடை விழா வரும். வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். லீக்ஸ், கோவா, போஞ்சி, ஒரு சீப்பு வாழைப்பழம், உயிரோடு ஒரு கோழி. லயத்துக்குப் பின்னால் இருக்கிற நாலு அடி நிலத்திலிருந்து அம்மா ஒரு பூசணிக்காய் கொண்டுபோவார். ஒரு வருஷம் அந்தப் பூசணியை ஏலத்தில் எடுத்தவர் சபையில் வசதியான ஒரு ஐயா. எடுத்த கையோடு அதைத் திரும்ப அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏழாக வெட்டினார். ஒரு துண்டு எங்களுக்கு, ஆறு துண்டு லயத்துக்கு. அதில் நாலு வீடு மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீடு. தைப்பொங்கலுக்கு அவர்கள் முதல் பொங்கலை எங்கள் வாசலுக்கு அனுப்புவார்கள், நத்தாருக்கு எங்கள் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகும். சூரியனுக்குச் சொல்கிறார்களோ, மாட்டுக்குச் சொல்கிறார்களோ, நன்றி என்கிற பழக்கம் நம் சனத்துக்கு வேதப் புத்தகம் வருவதற்கு முன்பே தெரியும். நாங்கள் அதற்கு ஒரு விலாசம் கண்டுபிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அடுத்த காம்பராவைக் கீழாகப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. 2022இல் எங்களுக்கு மா கொடுத்த அக்காவும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்தான். இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பிவந்து நன்றி சொன்னவன் ஒரு சமாரியன், வெளி ஆள். அந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அக்காவின் முகம்தான் வரும்.

வாசிக்கிறவர்களில் விசுவாசம் இல்லாத நண்பர்களும் இருப்பீர்கள். உங்களை ஜெபத்துக்குக் கூப்பிட இதை எழுதவில்லை. வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், போதும். விசுவாசிகளாக இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சாட்சி நேரத்தில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அதோடு, கிடைக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சபை இடிந்து விழாது.

கடைசியாக விடுமுறைக்குப் போய்த் திரும்புகிற முந்தின ராத்திரி. "இன்னைக்கு நீ ஜெபி" என்று அம்மா எங்களிடம் விட்டுவிட்டார். கலைப்பீடம் இல்லையா, பெரிய பெரிய வார்த்தையாக வந்தது. பாதியில் தம்பி முழங்கையால் இடித்தான், ரொட்டி ஆறுது என்று. அவசரமாக முடித்தோம். முடித்த பிறகு அவன், "நான் ஒண்ணு சொல்லவா?" என்றான். 2022க்குப் பிறகு அவன் வாயைத் திறந்து ஜெபித்து நாங்கள் கேட்டதில்லை. இந்த வருஷம் அவனுக்கு ஓ/எல்.

"ஆண்டவரே, ரொட்டிக்கு ஸ்தோத்திரம். இன்னைக்குத் தேங்காச் சம்பல். ஸ்கூல்ல சயன்ஸுக்கு இன்னும் சேர் வரல. ஆறு மாசமாச்சு. பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

போனுக்குள் அப்பா ஆமென் சொன்னார். அன்றைக்கு ரீலோட் இருந்தது.